விலை குறைவு, ஆனாலும் தோல்வி: அரசின் கன்சல்டன்சி டெண்டர் எப்படி முடிவாகிறது?

ஏற்காடு மலைப்பாதைக்குச் சரிவு ஆய்வு, சேலம் மாநகருக்கு வடிகால் திட்ட அறிக்கை என்று ஏதாவது ஒரு வேலை வெளியூர் நிறுவனத்துக்குப் போய்விட்டால் ஊரில் எழும் கேள்வி ஒன்றுதான்: "நம்ம ஊர் இன்ஜினியர் கம்மியாத்தானே கேட்டிருந்தாரு? அதிகம் கேட்டவங்களுக்கு எப்படிக் குடுத்தாங்க?" கேள்வி நியாயமானது. பின்னால் முறைகேடு இருக்கவும் கூடும். ஆனால் சந்தேகப்படுவதற்கு முன் பார்க்க வேண்டிய இடம் ஒன்று உண்டு. டெண்டர் ஆவணத்தின் நடுப்பக்கங்களில், யாரும் நின்று படிக்காத மதிப்பெண் அட்டவணை.

சாலை போடும் கான்ட்ராக்டரைத் தேர்வு செய்வது ஒரு முறை. அந்தச் சாலையை எங்கே, எந்தச் சாய்வில், என்ன செலவில் போடலாம் என்று சொல்லும் ஆலோசகரைத் தேர்வு செய்வது வேறு முறை. முதலாவதில் வேலையின் அளவும் தரமும் அரசு எழுதிக் கொடுத்தவை. விலை மட்டுமே போட்டி. இரண்டாவதில் விற்கப்படுவது யோசனை. அதை டேப் வைத்து அளக்க முடியாது. இந்த வேறுபாடு பிடிபடாமல்தான் செய்தி படிப்பவர்கள் குழம்புகிறார்கள், வேலை தெரிந்த உள்ளூர்ப் பொறியாளர்களும் ஆடிட்டர்களும் நகரமைப்பாளர்களும் தோற்கிறார்கள்.

முதலில், வாங்குவது யார்?

"கவர்ன்மென்ட் வேலை" என்று பொதுவாகச் சொல்கிறோம். சேலத்துக்குள்ளேயே மூன்று வகை உண்டு, மூன்றுக்கும் விதிகள் வேறு.

1. மாநில அரசும் அதன் கிளைகளும். நெடுஞ்சாலைத் துறை, நீர்வளத் துறை, சேலம் மாநகராட்சி, ஊராட்சி ஒன்றியங்கள், பெரியார் பல்கலைக்கழகம், மாநில அரசு நிறுவனமான தமிழ்நாடு மேக்னசைட் எல்லாம் இதில் வரும். இவற்றுக்கு 1998-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகள் வெளிப்படைத்தன்மைச் சட்டமும் 2000-ஆம் ஆண்டின் விதிகளும் பொருந்தும்.

2. மத்திய அரசு அமைப்புகள். சேலம் உருக்காலை, 2007-இல் உருவான சேலம் ரயில்வே கோட்டம், ஓமலூர் பக்கம் காமலாபுரத்தில் இருக்கும் விமான நிலையம். இங்கே மாநிலச் சட்டம் செல்லாது. மத்திய அரசின் கொள்முதல் நெறிகளும், ஜெம் என்னும் மத்திய அரசின் இணையக் கொள்முதல் சந்தை போன்ற தளங்களும்தான்.

3. வெளிக்கடனில் நடக்கும் திட்டங்கள். உலக வங்கியோ ஆசிய வளர்ச்சி வங்கியோ பணம் தந்தால், தேர்வு முறையை அந்த வங்கியின் கொள்முதல் விதி தீர்மானிக்கும். வேலை விடுவது தமிழ்நாட்டு அதிகாரிதான். அவர் கையில் இருக்கும் விதிப்புத்தகம் வேறு.

இந்தக் கட்டுரையின் கவனம் முதல் வகை. ஆனால் ஒன்றில் கற்ற பாடத்தை இன்னொன்றில் அப்படியே போட்டு ஏமாறுவது சர்வசாதாரணம் என்பதால் மூன்றையும் சொல்லி வைக்க வேண்டியிருக்கிறது.

சட்டம் என்ன சொல்கிறது?

தமிழ்நாட்டுச் சட்டம் மூன்று பாத்திரங்களை வரையறுக்கிறது. டெண்டர் கோரும் அதிகாரி, வந்தவற்றைச் சரிபார்க்கும் குழு, ஏற்கும் அதிகாரி. அறிவிப்பு மாநில அல்லது மாவட்ட ஒப்பந்தப்புள்ளிச் செய்தி இதழில் வர வேண்டும். 2 கோடி ரூபாய் வரையிலான டெண்டருக்குக் குறைந்தது 15 நாள், அதற்கு மேல் 30 நாள் அவகாசம் தர வேண்டும். குறைத்தால் மேலதிகாரியின் எழுத்துபூர்வ காரணம் வேண்டும். டெண்டரோடு கட்ட வேண்டிய முன்வைப்புத்தொகை, அதாவது எல்லாரும் ஈ.எம்.டி. என்று சொல்வது, வேலை மதிப்பில் 1 சதவீதத்துக்கு மேல் போகக் கூடாது. பேரம் பேசலாம், ஆனால் மிகக் குறைவாகக் கேட்டவரிடம் மட்டும்.

விதிவிலக்கும் உண்டு. இயற்கைச் சீற்றம் போன்ற அவசர நிலை, ஒரே ஒருவரிடம் மட்டும் கிடைக்கும் சேவை என்று சட்டமே சில கதவுகளைத் திறந்து வைத்திருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழையின்போது ஏற்காடு பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றதே, அதுபோன்ற நேரத்தில் பாதையைத் திறக்கும் அவசர வேலைக்கு டெண்டர் விட்டுக் காத்திருக்க முடியாது. அதே சரிவை நிரந்தரமாகச் சரிசெய்ய ஆறு மாதம் கழித்து ஆய்வு கேட்கும்போது அவசரம் என்ற காரணம் நிற்காது. செய்தியைப் படிக்கும்போது இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்க வேண்டும்.

சட்டத்தின் பொதுவான போக்கு, தகுதி உள்ளவர்களில் குறைந்த விலை சொன்னவருக்கு வேலை. தொழிலில் அவருக்குப் பெயர் எல்1. ஆனால் ஆலோசனைப் பணிகளில் தரத்தையும் விலையையும் சேர்த்துக் கணக்குப் போடும் முறையிலும் டெண்டர்கள் வருகின்றன. எந்த முறை என்பது ஆவணத்திலேயே எழுதப்பட்டிருக்கும். கவர் திறந்த பிறகு மாற்றக் கூடாது. ஊரில் எழுந்த கேள்விக்கான பதில் இங்கிருந்துதான் தொடங்குகிறது.

மூன்று முறைகள், மூன்று வெற்றியாளர்கள்

கணக்குக்காக மூன்று கற்பனை நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம்.

சென்னை நிறுவனம்: தொழில்நுட்ப மதிப்பெண் 88, விலை 30 லட்சம்.
கோவை நிறுவனம்: மதிப்பெண் 82, விலை 25 லட்சம்.
சேலம் நிறுவனம்: மதிப்பெண் 76, விலை 22 லட்சம்.

விலைக்கும் மதிப்பெண் உண்டு. மிகக் குறைந்த விலைக்கு 100. மற்றவர்களுக்கு, குறைந்த விலையை அவரவர் விலையால் வகுத்து நூறால் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் சேலத்துக்கு 100, கோவைக்கு 88, சென்னைக்கு 73.3.

முறை 1, குறைந்த விலை: 75 மதிப்பெண் எடுத்தால் தகுதி, அதற்குப் பிறகு விலை மட்டும். மூவருமே தகுதி. சேலம் வெற்றி.

முறை 2, தரம் 70, விலை 30: சென்னை 61.6 + 22 = 83.6. கோவை 57.4 + 26.4 = 83.8. சேலம் 53.2 + 30 = 83.2. கோவை வெற்றி, அதுவும் மயிரிழையில்.

முறை 3, தரம் 80, விலை 20: சென்னை 85.07, கோவை 83.2, சேலம் 80.8. சென்னை வெற்றி.

ஆட்களும் அறிக்கையும் விலையும் மாறவில்லை. ஆவணத்தில் இருந்த ஒரு விகிதம் மாறியதும் வேலை மூன்று ஊர்களுக்குப் போகிறது. எட்டு லட்சம் கூடுதலாகக் கேட்டவருக்கு வேலை போனது என்று மட்டும் செய்தி வந்தால் ஊழல் போலத் தெரியும். விகிதத்தையும் சேர்த்துப் போட்டால் அதே செய்தி வேறு மாதிரிப் படிக்கும். விகிதம் ஏன் அப்படி வைக்கப்பட்டது என்பது தனிக் கேள்வி. கேட்கத் தகுந்த கேள்வியும்கூட. சின்ன, நேரான வேலைக்கு 80:20 வைத்திருந்தால் காரணம் கேட்பதில் தவறில்லை.

போட்டியிடுபவருக்கு இந்தக் கணக்கு சொல்லும் சேதி இன்னும் முக்கியமானது. 80:20 முறையில் சேலம் நிறுவனம் விலையை மட்டும் குறைத்து வெல்ல நினைத்தால் 22 லட்சத்திலிருந்து 15.6 லட்சத்துக்கும் கீழே இறங்க வேண்டும். அந்த விலையில் வேலை செய்தால் கையைக் கடிக்கும். விலையைத் தொடாமல் மதிப்பெண்ணை 76-இலிருந்து 82-க்கு ஏற்றினால் மொத்தம் 85.6, வெற்றி. ஆறு மதிப்பெண்ணின் மதிப்பு ஆறு லட்சத்துக்கு மேல். 70:30 முறையில் ஒரே ஒரு மதிப்பெண் கூடியிருந்தாலே போதும், 83.9 வந்து கோவையைத் தாண்டியிருக்கும்.

நம் ஊர் ஆட்கள் டெண்டருக்கு முந்தைய இரவு வரை விலையைத்தான் திருத்தித் திருத்திப் போடுகிறார்கள். விலை கவரிலிருந்து தனியாகப் போகும், மதிப்பெண் வாங்கித் தரும் தொழில்நுட்ப கவரை ஜூனியர் ஒருவர் பழைய ஃபைலிலிருந்து எடுத்து ஒட்டுகிறார்.

அந்த ஆறு மதிப்பெண் எங்கே போகிறது?

மதிப்பெண் அட்டவணை வழக்கமாக நாலு தலைப்புகளில் இருக்கும். நிறுவனத்தின் முன் அனுபவம், செயல்முறை விளக்கம், முக்கிய நிபுணர்களின் தகுதி, சில டெண்டர்களில் நேரில் விளக்கும் பிரசன்டேஷன். உள்ளூர்க்காரர் இழப்பது பெரும்பாலும் அறிவில்லாத குறையால் அல்ல.

நிபுணர்களின் சுயவிவரம் டெண்டர் கேட்ட படிவத்தில் இருக்காது. படிவத்தில் இருந்தாலும் கையெழுத்து இருக்காது. "பல சாலைத் திட்டங்களில் பணியாற்றினார்" என்று எழுதினால் மதிப்பெண் போடுபவர் எதை எண்ணுவார்? திட்டத்தின் பெயர், துறை, மதிப்பு, எந்த மாதத்திலிருந்து எந்த மாதம் வரை, அதில் அவர் வகித்த பொறுப்பு என்று வரிவரியாக இருந்தால்தான் எண்ண முடியும். இன்னொரு விபத்து, ஒரே நிபுணர் இரண்டு நிறுவனங்களின் பட்டியலில் இருப்பது. சேலம் மாதிரி ஊரில் அனுபவமுள்ள மண்ணியல் நிபுணர்கள் விரல் விட்டு எண்ணும் அளவுதான். இரண்டு பேரும் அவரையே பிடித்துப் போடுவார்கள். தடை செய்யும் நிபந்தனை ஆவணத்தில் இருந்தால் இருவருக்கும் அடி.

செயல்முறை விளக்கத்தில் வெட்டி ஒட்டுவது இன்னும் மோசம். கடலோரத் திட்டத்துக்கு எழுதிய பத்தி மலைப்பாதை டெண்டரில் வந்து நிற்கும். படிப்பவர் செயற்பொறியாளர், முப்பது வருடம் ஃபீல்டில் இருந்தவர். ஒரு பக்கத்தில் தெரிந்துவிடும் அவருக்கு.

ஏற்காட்டை வைத்து ஒரு பாடம்

உள்ளூர் ஆளுக்கு உண்மையான பலம் இங்கேதான். சேர்வராயன் மலைக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். அடியில் இருப்பது சார்னகைட் என்னும் கடினப் பாறை. அதன் மேல் பல இடங்களில் சிதைந்த பாறையும் செம்மண்ணும் தடிமனாகக் கிடக்கின்றன. சாலைக்காகச் சரிவை வெட்டிய இடத்தில் மழைநீர் இந்த மண்ணுக்குள் இறங்கி, பாறை மேல் வந்து தேங்கினால் மேலே உள்ளது வழுக்கிக் கீழே வருகிறது. ஆகவே ஆய்வின் உயிர் இரண்டு விஷயங்களில் இருக்கிறது: எத்தனை இடத்தில், எவ்வளவு ஆழத்துக்குத் துளை போட்டு மண்ணைப் பார்க்கிறோம், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்பதை மழைக்காலத்திலும் போய்ப் பார்த்தோமா.

ஆய்வாளர் என்ன செய்ய வேண்டும் என்று அரசு எழுதித் தரும் பணி வரையறைக்கு தொழிலில் டி.ஓ.ஆர். என்று பெயர். அதில் "தேவையான அளவு மண் பரிசோதனை செய்ய வேண்டும்" என்று மட்டும் இருந்தால் என்ன ஆகும்? நேர்மையான நிறுவனம் இருபது துளைகளுக்கு விலை வைக்கும். இன்னொருவர் ஐந்துக்கு வைப்பார். விலை கவர் திறக்கும்போது இரண்டாமவர் மலிவு. வேலையும் அவருக்கு. ஐந்து துளையில் கிடைத்த தகவலை வைத்து மொத்த மலைக்கும் தடுப்புச் சுவர் வடிவமைக்கப்படும். அடுத்த ஐப்பசி மழையில் அதன் விலை தெரியும். மலைப்பாதை ஆய்வுக்குக் குறைந்த விலை முறையை வைப்பதே தவறு என்பது இந்தக் கட்டுரையின் கருத்து. அப்படித்தான் வைப்போம் என்றால், துளைகளின் எண்ணிக்கையையாவது அரசே எழுதிவிட்டு, ஒரு துளைக்கு இவ்வளவு என்று அலகு விலை கேட்க வேண்டும்.

இதைச் சொல்வதற்கு ஒரு இடம் இருக்கிறது. ப்ரீ-பிட் கூட்டம். டெண்டர் போட நினைப்பவர்கள் சந்தேகம் கேட்கும் இந்தக் கூட்டத்தில் எழுப்பிய கேள்விக்கான பதில், திருத்த அறிவிப்பாக எல்லாருக்கும் வெளியாகி ஒப்பந்தத்தின் பகுதியாகவே ஆகிவிடும். கேள்வியை எழுத்தில், கெடுவுக்குள் அனுப்ப வேண்டும். இப்படிக் கேட்கலாம்:

1. துளைகளின் குறைந்தபட்ச எண்ணிக்கையும் ஆழமும் என்ன? கூடுதலாகத் தேவைப்பட்டால் பணம் எப்படி?
2. பாதையின் எந்தப் பகுதி காப்புக்காட்டுக்குள் வருகிறது? வனத்துறை அனுமதி வாங்குவது துறையின் பொறுப்பா, ஆலோசகரின் பொறுப்பா?
3. ஒரு மழைக்காலத்தையாவது உள்ளடக்கும்படி கால அளவு இருக்கிறதா?
4. துறையிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய சரிவுப் பதிவுகள் தரப்படுமா?

தகுதி நிபந்தனை யாரோ ஒருவருக்காகத் தைத்த சட்டை மாதிரி இருந்தாலும் கேட்க வேண்டிய இடம் இதுதான். "பேசி முடிச்சுட்டாங்க, போட்டு என்ன பிரயோஜனம்" என்று டீக்கடையில் சொல்வதற்குப் பதிவு கிடையாது. ப்ரீ-பிட்டில் எழுதிக் கொடுத்தால் பதிவு உண்டு, பின்னால் மேல்முறையீட்டில் கைகொடுக்கும்.

அனுபவம் கேட்கிறார்கள், அனுபவத்துக்கு எங்கே போவது?

புதிதாக வருபவர்கள் முட்டிக்கொள்ளும் சுவர் இது. "கடந்த ஐந்தாண்டுகளில் இதே மாதிரி மூன்று பணிகளை முடித்திருக்க வேண்டும்" என்று இருக்கும். வேலை கிடைத்தால்தான் அனுபவம், அனுபவம் இருந்தால்தான் வேலை. சுவரில் வாசல் இல்லாமல் இல்லை.

முதல் வாசல், துணை ஆலோசகராகச் சேர்வது. சென்னை, ஹைதராபாத் நிறுவனங்கள் வேலையை எடுத்துவிட்டு நில அளவை, வாகனக் கணக்கெடுப்பு, மண் பரிசோதனை, வீடுவீடாகச் சமூக ஆய்வு எல்லாவற்றுக்கும் உள்ளூரில்தான் ஆள் தேடுகின்றன. சேர்வராயன் மலைக் கிராமங்களில் மலையாளிப் பழங்குடி மக்களிடம் போய்ப் பேசித் தகவல் வாங்க வெளியூர் குழுவால் சட்டென்று முடியாது. ஆனால் இங்கே ஒரு கண்ணி. முதன்மை நிறுவனம் தன் லெட்டர்ஹெட்டில் தரும் சான்றிதழைப் பல டெண்டர்கள் ஏற்பதில்லை. வேலை கொடுத்த அரசுத் துறையின் சான்றுதான் வேண்டும். ஆகவே வேலையில் சேரும்போதே, துணை ஆலோசகராகத் துறை தன்னை எழுத்தில் ஒப்புக்கொள்ள வைக்க வேண்டும். வேலை முடிந்த பிறகு போய்க் கேட்டால் அந்த அதிகாரி தர்மபுரிக்கு மாற்றலாகியிருப்பார்.

இரண்டாவது, கூட்டாகப் போடுவது. இரண்டு மூன்று நிறுவனங்கள் சேர்ந்து ஜாயின்ட் வென்ச்சராகப் போட்டால் அனுபவத்தைக் கூட்டிக் காட்டலாம், ஆவணம் அனுமதித்தால். யார் முதன்மை, யாருக்கு எத்தனை சதவீதம், பொறுப்பு யாருடையது என்பதை ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதவில்லை என்றால் முதல் பில் வரும்போது சண்டை வரும்.

மூன்றாவதைப் பலர் கவனிப்பதில்லை. நிறுவனம் புதிது என்றாலும் ஆட்கள் பழையவர்களாக இருக்கலாம். நிபுணர் தகுதிக்கான மதிப்பெண் தனிநபரின் அனுபவத்துக்குத்தான். ஓய்வுபெற்ற செயற்பொறியாளர் ஒருவர் குழுத் தலைவராக வந்தால் அந்தத் தலைப்பில் பெரிய நிறுவனத்துக்கு இணையாக நிற்கலாம். ஓய்வுக்குப் பின் தனியார் வேலைக்கு அனுமதி தேவைப்படும் காலம் அவருக்கு முடிந்துவிட்டதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

எச்சரிக்கை ஒன்று. திட்ட அறிக்கை தயாரித்தவரோ அவரோடு தொடர்புள்ள நிறுவனமோ அந்தத் திட்டத்தின் கட்டுமான டெண்டரில் கலந்துகொள்ளக் கூடாது என்பது நலன் மோதல் நிபந்தனை. அண்ணன் டிசைன் ஆபீஸ், தம்பி கான்ட்ராக்டர் என்று நடத்தும் குடும்பங்கள் சேலத்தில் இருக்கின்றன. எதில் வருமானம் அதிகம் என்று முன்பே முடிவெடுத்துவிடுவது நல்லது.

போர்ட்டலில் கவிழும் இடங்கள்

தமிழ்நாட்டு அரசின் இ-டெண்டர் தளத்தில் பதிவு செய்ய, கையெழுத்திடும் அதிகாரமுள்ளவர் பெயரில் மூன்றாம் வகுப்பு டிஜிட்டல் கையெழுத்துச் சான்று வேண்டும். மீதியைச் சுருக்கமாக:

1. விலைப்பட்டியலாக வரும் எக்செல் ஃபைலின் பெயரை மாற்றாதீர்கள், கட்டங்களைக் கூட்டிக் குறைக்காதீர்கள். நிரப்பச் சொன்ன கட்டங்களில் மட்டும் எண் போட வேண்டும்.
2. விலை பற்றிய ஒரு வரிகூட தொழில்நுட்ப கவருக்குள் வரக் கூடாது. வந்தால் அங்கேயே நிராகரிப்பு.
3. ஃபைல்களை ஏற்றினால் மட்டும் டெண்டர் சேராது. கடைசியில் ஃப்ரீஸ் பொத்தானை அழுத்தி ஒப்புகை எடுத்தால்தான் கணக்கு.
4. கெடு நேரம் உங்கள் கைக்கடிகாரத்தின்படி அல்ல, சர்வரின் கடிகாரத்தின்படி.
5. குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான உதயம் பதிவு இருந்தால் ஈ.எம்.டி. விலக்கு என்று பல ஆவணங்கள் சொல்லும். அந்தப் பதிவில் குறித்திருக்கும் தொழில் வகை ஆலோசனைச் சேவையாக இருக்க வேண்டும். வெள்ளிக் கொலுசு வியாபாரத்துக்கு எடுத்த பதிவைக் காட்டிப் பொறியியல் ஆலோசனைக்கு விலக்குக் கேட்டால் நடக்காது.

ஜெயித்த பிறகு: பணம் எப்போது, எவ்வளவு?

ஆலோசனைக் கட்டணம் கட்டம் கட்டமாக வரும். தொடக்க அறிக்கை, வரைவு, இறுதி அறிக்கை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு சதவீதம். கடைசித் தவணை எதோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைத்தான் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுப் பார்க்க வேண்டும். "இறுதி அறிக்கை ஏற்கப்பட்டதும்" என்றால் நியாயம். "திட்டத்துக்கு நிர்வாக ஒப்புதல் கிடைத்ததும்" என்றால் பணம் கோட்டையின் முடிவுக்காகக் காத்திருக்கும். ஒப்புதல் தருவதும் தராததும் ஆலோசகர் கையில் இல்லை; அரசிடம் நிதி இல்லை என்றால் நல்ல அறிக்கையும் அலமாரியில்தான். ப்ரீ-பிட்டில் கேட்க வேண்டிய ஐந்தாவது கேள்வி இது.

அடுத்து வரி. இதில்தான் விலையே தப்பாகிறது. மாநகராட்சி, ஊராட்சி போன்ற உள்ளாட்சி அமைப்புக்கோ மாநில அரசுக்கோ, அரசமைப்புச் சட்டம் உள்ளாட்சிகளுக்கு ஒப்படைத்த குடிநீர், நகரமைப்பு போன்ற பணிகள் தொடர்பாகப் பொருள் எதுவும் சேராத தூய சேவை மட்டும் செய்தால் ஜி.எஸ்.டி. விலக்கு உண்டு. அரசின் கீழ் இயங்கும் வாரியங்களுக்கும் கம்பெனிகளுக்கும் இருந்த இதே விலக்கு 2022 ஜனவரி 1 முதல் நீக்கப்பட்டது. ஆகவே குடிநீர்த் திட்ட அறிக்கையை சேலம் மாநகராட்சிக்கு நேரடியாகச் செய்தால் வரி இல்லை. அதே அறிக்கையைக் குடிநீர் வடிகால் வாரியத்துக்கோ ஸ்மார்ட் சிட்டி கம்பெனிக்கோ செய்தால் 18 சதவீதம். வேலை ஒன்றுதான், தெரு ஒன்றுதான், ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போடுபவர் மட்டும் வேறு. "விலை வரி உட்படவா, நீங்கலாகவா" என்ற வரியைப் படிக்காமல் போட்டவர்கள் லாபம் முழுவதையும் இதில் விட்டிருக்கிறார்கள்.

வரி உள்ள வேலையில் 10 லட்சம் கட்டணத்துக்குக் கணக்கு இப்படிப் போகும்:

1. பில் 11.80 லட்சம், அதாவது கட்டணம் 10, ஜி.எஸ்.டி. 1.80.
2. தொழில்முறைக் கட்டணத்துக்கான வருமானவரிப் பிடித்தம் 10 சதவீதம், 1 லட்சம்.
3. ஒப்பந்த மதிப்பு 2.5 லட்சத்தைத் தாண்டுவதால் ஜி.எஸ்.டி. பிடித்தம் 2 சதவீதம், 20,000.
4. வங்கிக்கு வருவது 10.60 லட்சம். அதில் 1.60 லட்சம் ஜி.எஸ்.டி.யாகக் கட்ட வேண்டியது, நாம் வாங்கியவற்றுக்கு ஏற்கெனவே கட்டிய வரியைக் கழிக்கும் உள்ளீட்டு வரி கழிவு எதுவும் இல்லை என்று வைத்துக்கொண்டால். கையில் நிற்பது 9 லட்சம்.

பிடித்த வருமானவரி பின்னால் கணக்கில் வரவாகும் என்றாலும் அதுவரை சம்பளமும் வண்டி வாடகையும் அந்த 9 லட்சத்திலிருந்துதான். அதோடு ஜி.எஸ்.டி. இன்வாய்ஸ் போட்ட தேதியைப் பொறுத்தது. அரசு எப்போது பணம் தருகிறது என்பதைப் பொறுத்ததல்ல. அறிக்கையைத் துறை ஏற்குமுன் அவசரப்பட்டு இன்வாய்ஸ் போட்டால் வராத பணத்துக்கு வரி கட்ட நேரும். எந்தக் கட்டத்தில் இன்வாய்ஸ் என்பதை ஒப்பந்தத்தின் தவணை விதியை வைத்து ஆடிட்டரோடு முதலிலேயே முடிவு செய்வது நல்லது.

பணம் இழுத்தடிக்கப்பட்டால் 2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டம் துணைக்கு வரும். குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்கு மேல் தாமதித்தால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு கூட்டு வட்டி. வாங்குபவர் அரசாக இருந்தாலும் பொருந்தும். அடுத்த வேலை கிடைக்காதோ என்ற பயத்தில் பலர் இதைத் தொடுவதில்லை. பயம் புரிகிறது. ஆனாலும் ஒவ்வொரு கட்டத்திலும் அறிக்கையை ஒப்படைத்த தேதிக்கு முத்திரையோடு ஒப்புகை வாங்கி வைப்பதில் யாரையும் பகைத்துக்கொள்ள வேண்டியதில்லை. அது இல்லையென்றால் 45 நாள் எப்போது தொடங்கியது என்பதையே நிரூபிக்க முடியாது.

தோற்றால் என்ன செய்யலாம்?

ஏற்கும் அதிகாரியின் உத்தரவு கையில் கிடைத்த 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம் என்று 1998-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு சொல்கிறது. மேல்முறையீட்டில் எடுபடுவது "நான் நல்லா செய்வேன்" என்ற வாதம் அல்ல. ஆவணத்தில் சொன்ன முறைக்கும் நடந்த முறைக்கும் இருக்கும் வித்தியாசம். மதிப்பெண் அட்டவணையில் சொல்லாத ஒன்றுக்கு மதிப்பெண் போட்டார்களா, கேட்ட சான்றிதழ் இல்லாதவரைத் தகுதி என்றார்களா, குறைந்த விலை சொல்லாதவரிடம் பேரம் பேசினார்களா என்பவைதான் பேசும். அதற்குத் தன் மதிப்பெண் விவரம் தெரிய வேண்டும். தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டால் பதிலுக்கு 30 நாள் அவகாசம் உண்டு, அதற்குள் மேல்முறையீட்டுக் கெடு முடிந்துவிடும். எனவே தொழில்நுட்ப முடிவு தளத்தில் ஏறிய அன்றே, விலை கவர் திறப்பதற்கு முன்பாகவே, தலைப்புவாரி மதிப்பெண்ணைத் தரும்படி டெண்டர் கோரிய அதிகாரிக்கு எழுத்தில் கேட்டு நகலைப் பத்திரப்படுத்த வேண்டும். தகவல் உரிமை மனுவையும் அன்றே தனியாகப் போட்டுவிடலாம். அந்தப் பதில் இந்த டெண்டருக்கு உதவாமல் போனாலும், எந்தத் தலைப்பில் எத்தனை மதிப்பெண் போனது என்ற விவரம் அடுத்த தொழில்நுட்ப கவரை எழுதும்போது மேஜையில் இருக்கும்.